மழை ராடார்ப் படமும் கமக்காரரும்

களத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு வடகீழ்த் திசையை நோக்குவது யாழ்ப்பாணக் கமக்காரரின் பழைய வழக்கமாகும். கடலின்மேல் முகில் கறுத்தால், காற்றுத் திடீரெனக் குளிர்ந்தால், தும்பிகள் தாழப் பறந்தால் மழை அண்மையில் உண்டென்பதை அவர்கள் அறிவர். இவ்வறிவு பயனற்றதன்று. ஆயின் கண்ணுக்கு எட்டும் தொலைவு சிறிது. முகில் கறுப்பதைக் கண்டபின் பத்துப் பன்னிரண்டு மூடை நெல்லை வாரி மூடுவதற்குப் போதிய நேரம் பலருக்குக் கிடைப்பதில்லை.

இன்று கைத்தொலைபேசி ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் உண்டு. அதன் மூலம், கடலின்மேல் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் பெய்துகொண்டிருக்கும் மழையையும் வரம்பில் நின்றபடியே பார்க்கலாம். இவ்வாறு மழையைக் காட்டும் கருவி ராடார் எனப்படும். இதனைப் பயன்படுத்தும் கமக்காரர் தொகை பெருகி வருகின்றது. அதனுடன் இதனைப் பிழையாக வாசித்து நட்டமடைவோர் தொகையும் பெருகுகின்றது. ஆதலால் இக்கருவி காட்டுவது யாது, காட்டாதது யாது, எந்த வேலைக்கு அதனை நம்பலாம் என்பவற்றை விளக்குதல் இச்சிறு வெளியீட்டின் நோக்கமாகும்.

இதன் கருத்தை முதலிலேயே சுருங்கக் கூறுவோம். ராடார்ப் படம் அடுத்த ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு உரிய கருவி. நாளைக்கு உரிய கருவியன்று.

ராடார் என்பது யாது?

இருளிலே பறக்கும் வௌவால் ஒலியை எழுப்பி, அது தடையிற் பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழியறிந்து செல்லும். ராடாரும் அவ்வாறே தொழிற்படுகின்றது. ஆயின் இது ஒலிக்குப் பதிலாக வானொலி அலைகளை அனுப்புகின்றது. உயர்ந்த கோபுரத்தின்மேல் பெரிய கிண்ணம்போன்ற ஓர் உறுப்புச் சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து குறுகிய துடிப்புகளாகச் செல்லும் அலை மழைத்துளிகளிற் பட்டு, அதன் மிகச் சிறு பகுதி திரும்பி வரும். திரும்புவதற்கு எடுத்த நேரத்தைக்கொண்டு மழையின் தொலைவும், கிண்ணம் நோக்கிய திசையைக்கொண்டு மழை உள்ள திக்கும், திரும்பிய அலையின் வலிமையைக்கொண்டு மழையின் கடுமையும் கணிக்கப்படுகின்றன. இவ்வலை ஒரு செக்கனில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்லும். எனவே 150 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மழையைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரமே போதும்.

இக்கருவி முதலில் மழைக்காக ஆக்கப்பட்டதன்று. 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆகாய விமானங்களைக் கண்டறியும் பொருட்டு இதற்கான பரிசோதனை நடைபெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராடாரை இயக்கியோருக்கு மழை பெருந் தொல்லையாயிருந்தது. விமானத்தைத் தேடிய திரையிலே மழையின் எதிரொலி வந்து மறைத்தது. போர் முடிந்தபின் அத்தொல்லையே வானிலை அறிஞர்க்கு வாய்ப்பாயிற்று.

காரைக்கால் ராடாரும் யாழ்ப்பாணமும்

பாக்கு நீரிணைக்கு வடக்கே, இந்தியக் கரையிலுள்ள காரைக்கால் நகரில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ராடார் ஒன்று இயங்குகின்றது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். இவ்வலைநீளமுடைய ராடார் கடுமழையினூடும் அதிகம் வலிமை குன்றாது பார்க்கவல்லது. ஆதலின் புயல் வீசும் கரைகளுக்கு இவ்வகை ஏற்றது. இதன் படங்களை அத்துறை தன் இணையத்தளத்தில் யாவரும் பார்க்குமாறு வெளியிடுகின்றது.

காரைக்காலிலிருந்து காங்கேசன்துறை நேர்கோட்டில் ஏறத்தாழ 125 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. யாழ்ப்பாண நகர் ஏறத்தாழ 140 கிலோமீற்றரிலும், கிளிநொச்சி 180 கிலோமீற்றரிலும், முல்லைத்தீவும் மன்னாரும் 210 கிலோமீற்றர் அளவிலும் உள்ளன. வவுனியா 250 கிலோமீற்றர் அளவில், மழைப் படத்தின் விளிம்பிலேயே அமைகின்றது. எனவே குடாநாட்டுக் கமக்காரருக்கு இப்படம் நன்கு பயன்படும். கிளிநொச்சிக்கு ஓரளவு பயன்படும். அதற்குத் தெற்கே செல்லச் செல்ல இதன் நம்பகம் குறையும். அதற்குரிய காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

யாழ்ப்பாணம் கடலும் கடலேரியும் சூழ்ந்த குடாநாடு. மழை பெரும்பாலும் கடலிலிருந்தே வருகின்றது. கடலின்மேல் மழைமானி இல்லை. கரைக்கு வருமுன் அந்த மழையைக் காட்டக்கூடிய கருவிகளுள் ராடாரே விரைவும் நுட்பமும் உடையது என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

படத்தை வாசிக்கும் முறை

படத்தைத் திறந்ததும் நிறங்களைப் பார்க்க வேண்டாம். முதலிற் பார்க்க வேண்டியது திகதியும் நேரமும் ஆகும். ராடார்ப் படங்களில் நேரம் பெரும்பாலும் கிறீன்விச் நேரமாகவே குறிக்கப்படும். யூ.ரீ.சி. என்னும் மூன்று எழுத்துக்கள் அதனைக் காட்டும். அதனோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் நமது நேரம் கிடைக்கும். படத்தில் 3.20 என்றிருந்தால் நமக்கு அது காலை 8.50 ஆகும். ராடார் ஒரு முறை வானத்தைப் பல உயரங்களிற் சுற்றிப் பார்த்து முடிக்கப் பத்து நிமிட அளவு செல்லும். அதன் பின்னரே படம் வெளியாகும். எனவே நேரடிப் படம் எனப்படுவதும் உண்மையிற் பத்து இருபது நிமிடத்துக்கு முந்தைய படமே.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது எவ்வகைப் படம் என்பதாகும். ஒரே ராடாரிலிருந்து பல படங்கள் வெளியாகின்றன. எதிரொலியின் வலிமையைக் காட்டுவது ஒன்று. துளிகள் ராடாரை நோக்கி வரும் வேகத்தையும், அதைவிட்டு அகலும் வேகத்தையும் காட்டுவது மற்றொன்று. வேகப் படத்திலுள்ள சிவப்பு நிறம் கடுமழையைக் குறிக்காது. அது காற்றின் போக்கையே குறிக்கும். கமக்காரருக்கு வேண்டியது எதிரொலி வலிமைப் படம்.

மூன்றாவதாகவே நிறங்களைப் பார்த்தல் வேண்டும். நிறங்களின் ஓரத்தில் அளவுகோல் ஒன்று இருக்கும். அதிலுள்ள எண்கள் மழையின் மில்லிமீற்றர் அல்ல. அவை எதிரொலியின் வலிமையை டெசிபெல் என்னும் அளவிற் காட்டுவன. அவற்றைப் பொதுவாகப் பின்வருமாறு கொள்ளலாம்:

20 என்றால் மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தூறல்.
30 என்றால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்.
40 என்றால் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர்.
50 என்றால் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர், அதாவது வாய்க்கால் நிரம்பி ஓடும் கடுமழை.

எண் 20இலிருந்து 40 ஆகும்பொழுது மழை இரட்டிப்பதில்லை. பன்மடங்காகின்றது என்பதைக் கவனிக்குக. இதற்குக் காரணம் துளியின் பருமன். ஒரு துளியின் விட்டம் இரு மடங்கானால் அது திருப்பி அனுப்பும் எதிரொலி 64 மடங்காகும். ஆதலால் பெருந்துளி மழை மிக வலிமையாகத் தோன்றும். சிறு துளிகளாகப் பெய்யும் அடைமழை உண்மையிலும் குறைவாகத் தோன்றும். மேலே கூறிய அளவுகள் மதிப்பீடுகளே. உண்மை மழை அவற்றுக்குக் கூடவும் குறையவும் இருக்கலாம்.

சில படங்களின் மேற்புறத்திலும் வலப்புறத்திலும் ஒடுங்கிய பட்டைகள் காணப்படும். அவை மழைமுகிலின் உயரத்தைக் காட்டுவன. எதிரொலி பத்துக் கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தால் அது இடிமுகில் எனக் கொள்ளலாம். அத்தகைய முகில் அண்மையிலிருக்கும்பொழுது வெளியான வயலில் நிற்றல் ஆகாது.

செய்மதிப் படத்தையும் ராடார்ப் படத்தையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். செய்மதி முகிலின் மேற்பரப்பைக் காட்டும். முகிலுள்ள இடமெல்லாம் மழை பெய்வதில்லை. ராடாரோ முகிலினுள் இருக்கும் மழைத்துளியைக் காட்டும். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

மழை வரும் நேரத்தைக் கணித்தல்

ஒரு படம் மட்டும் பார்த்து மழை வருமா போகுமா என்று கூற முடியாது. ஆகக் குறைந்தது அரை மணித்தியால இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களேனும் வேண்டும். உதாரணமாக, காலை 8.00 மணிப் படத்தில் பருத்தித்துறைக்கு வடகிழக்கே 40 கிலோமீற்றர் தொலைவில் ஒரு மழைத்திட்டு இருந்தது எனக் கொள்வோம். 8.30 மணிப் படத்தில் அதன் முன்விளிம்பு 30 கிலோமீற்றருக்கு வந்துவிட்டது. அரை மணித்தியாலத்தில் 10 கிலோமீற்றர் நகர்ந்திருப்பதால் அதன் வேகம் மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர். எஞ்சிய 30 கிலோமீற்றரைக் கடக்க அதற்கு ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். எனவே பத்து மணியளவில் மழை கரையை அடையும் என எதிர்பார்க்கலாம். படத்திலுள்ள வட்டக் கோடுகள் தொலைவை அளக்க உதவும்.

இக்கணக்கு இலகுவானது. ஆயின் மழைத்திட்டு மாட்டுவண்டியைப்போல ஒரே சீராகச் செல்வதில்லை. வழியில் ஒன்று அழியும். அதன் அருகே வேறொன்று தோன்றும். ஒரு தனி மழைமுகிலின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவானது. ஆதலின் ஒரு மணித்தியாலத்துக்கான கணிப்பை ஓரளவு நம்பலாம். இரண்டு மணித்தியாலத்துக்கானதை ஐயத்தோடு கொள்ளல் வேண்டும். அதற்கு அப்பாற்பட்டதை ராடாரிடம் கேட்டலாகாது.

பருவத்துக்குப் பருவம் வேறுபாடு

மார்கழி முதல் மாசி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றின்போது மழைத்திட்டுகள் வங்கக் கடலிலே தோன்றி, வடகிழக்கிலிருந்து கரையை நோக்கி வரிசையாக வரும். அவை கரைக்கு வருமுன்னரே படத்திற் காணப்படும். ராடார் மிகுந்த பயன் தருவது இப்பருவத்திலேயே. காலபோக நெல் அறுவடையாகும் காலமும், வெங்காயச் செய்கையின் காலமும் இப்பருவத்தோடு சேர்ந்திருப்பது நமக்கு நன்மையாகும்.

பங்குனி, சித்திரை மாதங்களிலும், ஐப்பசியிலும் நிலைமை வேறு. அக்காலத்தில் முற்பகல் வெயிலால் நிலம் சூடேறி, பிற்பகலில் தரையின்மேலேயே இடிமுகில் திரளும். ஒரு மணிப் படத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றரை மணிப் படத்தில் கடுமழை தோன்றலாம். எங்கிருந்தும் நகர்ந்து வராத மழையை நகர்வைக்கொண்டு கணிக்க இயலாது. ஆதலின் இம்மாதங்களிற் படம் தெளிவாயிருப்பதை மட்டும் நம்பி, பிற்பகல் வேலைகளைத் தொடங்குதல் தவறு.

ராடார் காட்டாதவையும் பொய்யாகக் காட்டுபவையும்

ராடாரின் அலை நேராகச் செல்கின்றது, பூமியோ உருண்டையானது. ஆதலின் தொலைவு கூடக்கூட அலை தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகும். காரைக்காலிலிருந்து புறப்படும் தாழ்ந்த அலையும் யாழ்ப்பாணத்தை அடையும்பொழுது ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் உயரத்திற் செல்கின்றது. 250 கிலோமீற்றர் தொலைவில் அது நான்கு கிலோமீற்றருக்கும் மேலே போய்விடும். அதற்குக் கீழே பெய்யும் மழையை அது காணமாட்டாது. வடகீழ்ப் பருவத்தில் தாழ்ந்த முகிலிலிருந்து பெய்யும் மழை படத்தில் மங்கலாகத் தோன்றுவதும், சில வேளை தோன்றாமலே விடுவதும் இதனாலேயே. வவுனியாவிலோ மன்னாரின் தென்பகுதியிலோ உள்ள கமக்காரர், படம் வெறுமையாயிருப்பதை மழையின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

இதற்கு மாறாக, மழையில்லாத இடத்தில் மழை தோன்றுவதும் உண்டு. காற்றடங்கித் தெளிந்த இரவுகளிலும் விடியற்காலைகளிலும் அலை கீழ்நோக்கி வளைந்து கடலையோ தரையையோ தொட்டுத் திரும்பும். அப்பொழுது படத்திற் புள்ளிகளும் திட்டுகளும் காணப்படும். அவற்றை அறியும் வழி யாதெனில், உண்மை மழை ஒரு திசையாக நகரும். இப்பொய்த் திட்டுகள் ஓரிடத்தில் நின்று மினுங்கும். ராடாரின் நடுவிலிருந்து வெளிநோக்கி நேர்கோடாகச் செல்லும் கீற்றும் மழையன்று. அது வேறு மின்கருவிகளின் குறுக்கீட்டால் உண்டாவது.

ஒரு பிழையும் அது தந்த பாடமும்

மேலே முதலில் திகதியையும் நேரத்தையும் பார்க்குமாறு கூறினேன். அதனை நான் நூலிற் கற்றதனாலன்றிப் பட்டறிவினாலேயே வற்புறுத்துகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைமாதக் காலை. வலிகாமத்தில் ஒரு வயதான கமக்காரர் பதினான்கு மூடை நெல்லைக் காயப்போடலாமா என்று என்னிடம் கேட்டார். அப்பொழுது மணி ஒன்பது. நான் கைத்தொலைபேசியிற் படத்தைத் திறந்தேன். அதில் 8.50 என்றிருந்தது. பத்து நிமிடத்துக்கு முந்தைய படம் என எண்ணினேன். குடாநாட்டின்மேலும் கடலின்மேலும் ஒரு புள்ளி நிறமும் இல்லை. மதியம்வரை அச்சமில்லை, பரப்புங்கள் என்று கூறிவிட்டு வேறு கிராமத்துக்குச் சென்றேன்.

பத்தேகால் மணிக்கு மழை கொட்டியது. பின்னர் அதே படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த 8.50 கிறீன்விச் நேரம். திகதியோ முதல் நாளினது. அதாவது நான் பார்த்தது முதல் நாள் பிற்பகல் 2.20 மணிப் படம். அதன்பின் புதிய படம் வெளியாகவில்லை. ஓர் எழுத்தையும் ஒரு திகதியையும் கவனியாது விட்டதனால் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பழைய வானத்தைப் பார்த்து, இன்றைய வானத்துக்கு உறுதி கூறியிருந்தேன்.

அவரும் மனைவியாரும் அரைவாசியை வாரிப் படங்கின்கீழ் இட்டனர். எஞ்சியது நனைந்தது. அடுத்த இரண்டு நாளும் வெயில் இல்லை. நனைந்த நெல் முளைகட்டிவிட்டது. அடுத்த போகத்துக்கென ஒதுக்கிய விதைநெல்லும் அதில் அடங்கும். நான் சென்று வருத்தம் தெரிவித்தபொழுது அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நீர் சொன்னபடியாலை நான் வானத்தைப் பாக்கேல்லை" என்று மட்டும் சொன்னார்.

அச்சொல்லில் இரண்டு பாடங்கள் உண்டு. பழைய படம் படமே இல்லாமையிலும் தீயது என்பது ஒன்று. கருவி கண்ணுக்குத் துணையாதல் வேண்டுமேயன்றிக் கண்ணை மூடச் செய்தல் ஆகாது என்பது மற்றொன்று.

எந்த வேலைக்கு எவ்வாறு பயன்படுத்தலாம்?

ஒவ்வொரு வேலைக்கும் மழையில்லாத நேரம் எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அந்நேரம் ஒரு மணித்தியால அளவாயின் ராடார் போதும். அதற்கு மேலாயின் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பும் வேண்டும்.

நெல் காயவைத்தல்: நெல்லைப் பாதுகாப்பாகச் சேமிக்க அதன் ஈரப்பதன் 14 சதவீதமளவுக்குக் குறைதல் வேண்டும். இதற்கு நல்ல வெயில் பல மணித்தியாலம் தேவை. ஆதலின் இன்று பரப்பலாமா என்பதை முன்னறிவிப்பைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். பரப்பிய நெல்லை எப்பொழுது வாரத் தொடங்குவது என்பதையே ராடார் கூறும். உங்கள் நெல்லை வாரி மூட எவ்வளவு நேரம் செல்லும் என்பதை ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்து அளந்து வையுங்கள். அது அரை மணித்தியாலமாயின், மழை ஒரு மணித்தியாலத் தொலைவுக்கு வந்ததும் வாரத் தொடங்குக. எப்பொழுதும் இரு மடங்கு நேரத்தை வைத்துக்கொள்வதே விதி. வீணாக வாரினோமே என்று ஒரு நாள் வருந்துவது, நனையவிட்டு ஒரு போகம் வருந்துவதிலும் மேலானது.

மருந்து தெளித்தல்: இலையின்மேற் படிந்து காக்கும் பங்கசுநாசினிகள் உலருமுன் மழை பெய்தால் கழுவுண்டு போகும். பணமும் உழைப்பும் வீணாவதோடு மருந்து கிணற்று நீரையும் சென்றடையும். சுண்ணக்கல் நிலத்தையுடைய குடாநாட்டில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. மருந்துப் போத்தலின் சுட்டியில் எத்தனை மணித்தியாலம் மழையின்றி இருத்தல் வேண்டும் எனக் குறித்திருந்தால் அதனைக் கடைப்பிடியுங்கள். தெளிகருவியில் மருந்தைக் கலக்குமுன் படத்தைப் பாருங்கள்; கலந்தபின் பார்த்துப் பயனில்லை.

யூரியா இடுதல்: நெல்வயலில் யூரியா இட்டபின் கடுமழை பெய்து வரம்புக்கு மேலால் நீர் வழியுமாயின் பசளையும் அதனோடு செல்லும். இதற்கு ஒரு மணித்தியாலத் தெளிவு போதாது. அன்றும் மறுநாளும் கனமழை இல்லையென முன்னறிவிப்புக் கூறினால் மட்டும் இடுக. இங்கே ராடார் இறுதிப் பார்வைக்கு மாத்திரம் உதவும்.

வெங்காயம் கிளறுதல்: கிளறிய வெங்காயம் பாத்தியிலேயே கிடந்து நனையுமாயின் அழுகல் விரைவாகப் பற்றும். கடலிலிருந்து திட்டுகள் வரிசையாக வருவதைக் கண்டால் அன்று கிளறுதலை நிறுத்துக. ஏற்கெனவே கிளறியிருந்தால், புதிதாகக் கிளறாது கிளறியதை முதலிற் கூரையின்கீழ்ச் சேர்த்துவிடுக. சந்தைக்கு அனுப்ப வேண்டிய மரக்கறிக்கும் இது பொருந்தும். திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகம் சந்தைக்கோ மூடையேற்றுமுன் ஒருமுறை படத்தைப் பார்ப்பது இலைக்கறிகள் நனைந்து பழுதடைவதைத் தடுக்கும்.

நாற்றுமேடையும் வடிகாலும்: மிளகாய், தக்காளி நாற்றுமேடைகளை மூடுவதற்கும், தாழ்ந்த தோட்டங்களில் வாய்க்காலைத் திறப்பதற்கும் ஒரு மணித்தியாலம் போதும். இவற்றுக்கு ராடார் நல்ல துணையாகும்.

இடி: இடி கேட்கும் தொலைவில் முகில் இருந்தால் மின்னல் உங்களைத் தாக்கக்கூடிய தொலைவிலேயே அது இருக்கின்றது. படம் யாது கூறினும் இடி கேட்டவுடன் வயலைவிட்டு வீட்டினுள் செல்லுங்கள்.

புயற்காலத்தில் ராடாரை மட்டும் நம்பலாகாது

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி அதிகாலையில் நாகபட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலின் சுழற்சி காரைக்கால் ராடாரில் தெளிவாகத் தெரிந்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தது. புயலின் நடு மன்னார்க் குடாவை நோக்கிச் சென்ற பின்னரும் யாழ்ப்பாணத்தில் பெருமழை பெய்து வெள்ளம் நின்றது. புயலின் நடு அப்பாற் சென்றுவிட்டது என்பதனால் மழை முடிந்துவிட்டதெனக் கருதுவது தவறென்பதை இது உணர்த்துகின்றது.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், பின்னர் பெங்கால் புயலாகிய தாழமுக்கம் கிழக்கிலும் வடக்கிலும் வயல்களை மூழ்கடித்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. இத்தகைய அழிவு ஒரு மணித்தியாலத்தில் வருவதன்று. நாட்கணக்கிற் பெய்யும் மழையால் வருவது. அடுத்த ஒரு மணித்தியாலத்தைக் காட்டும் கருவி இதற்கு முன்னேற்பாடு செய்யப் போதாது. புயலுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்கும் எச்சரிக்கையைக் கேட்டு, முதிர்ந்த பயிரை அறுப்பதும், வடிகாலைத் துப்புரவாக்குவதும், விதைநெல்லை உயர்ந்த இடத்தில் வைப்பதும், கால்நடைகளை அப்புறப்படுத்துவதும் வேண்டும். இடர்முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. பயிர் பற்றிய ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.

மழைமானியும் குறிப்பேடும்

ராடார் உங்கள் கிராமத்துக்கு எவ்வளவு உண்மை கூறுகின்றது என்பதை நீங்களே சோதித்தறியலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான பக்கங்களையுடைய ஒரு தகரப் பேணியை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். நாள்தோறும் காலையில் அதிலுள்ள நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மில்லிமீற்றரில் மழையளவாகும். ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு பரப்புக் காணியில் ஏறத்தாழ 250 லீற்றர் நீருக்குச் சமம். இதனைக்கொண்டு அன்று இறைப்பு வேண்டுமா என்பதையும் தீர்மானிக்கலாம்.

ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் கீறுங்கள். படம் கூறியது முதலாவதில், கண் கண்டது இரண்டாவதில், பேணி அளந்தது மூன்றாவதில் வரட்டும். ஒரு பருவம் இவ்வாறு எழுதினால், எந்தத் திசையிலிருந்து வரும் மழையை ராடார் சரியாகக் காட்டுகின்றது, எதனைத் தவறவிடுகின்றது என்பது விளங்கிவிடும். கமக்காரர் அமைப்பிலுள்ள நாலைந்து பேர் சேர்ந்து இதனைச் செய்தால் பயன் பெரிது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. முதலிற் திகதியையும் நேரத்தையும் பார்க்க. கிறீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுக.
2. படம் அரை மணித்தியாலத்துக்கு மேற் பழையதாயின் அதனை நம்பற்க.
3. ஒரு படத்தைக்கொண்டு முடிவு செய்யற்க. இரண்டு படங்களை ஒப்பிட்டு நகர்வை அறிக.
4. ஒரு மணித்தியாலத்துக்கு நம்புக, இரண்டுக்கு ஐயுறுக, நாளைக்கு முன்னறிவிப்பைக் கேட்க.
5. தொலைவு கூடினால் நம்பகம் குறையும் என்பதை மறவற்க.
6. வேலைக்கு வேண்டிய நேரத்தின் இரு மடங்கைக் கைவசம் வைத்துக்கொள்க.
7. புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டால் ராடாரைப் பார்த்துத் தாமதிக்கற்க.
8. படத்தைப் பார்த்தபின் தலையை நிமிர்த்தி வானத்தையும் பார்க்க.

காலபோக அறுவடைக்குக் களத்தைத் துப்புரவாக்கும்பொழுதே நெல்லை வாரி மூடும் நேரத்தையும் அளந்து குறித்துவையுங்கள். படங்கும் கடகமும் களத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும். மழை வருவதை அறிந்தவருக்கும் அவை கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலன்றி அவ்வறிவு நெல்லைக் காவாது.